யூரோப்பா யுனிவெர்சாலிஸ் 4: அயலாரைத் திரட்டிவிடாமல் நிலம் பிடிப்பது எப்படி

திருகோணமலையில் யூரோப்பா யுனிவெர்சாலிஸ் 4 என்ற இந்தக் கணினி வியூக விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிற பலர் முதலில் கை வைப்பது விஜயநகரத்தில்தான். 1444 நவம்பர் 11இல் திறக்கும் வரைபடத்தில் நமக்குக் கிட்ட நிற்கும் பெரிய அரசு அதுதான். படையும் பணமும் இருப்பதால் முதல் இருபது ஆண்டில் வடக்கே பாமினியை அடித்து, கிழக்கே ஒரிசாவை அடித்து, மலையாளக் கரைச் சிற்றரசுகளையும் விழுங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அயல் நாடுகளெல்லாம் ஒரே கொடியின் கீழ் சேர்ந்து போர் அறிவிக்கின்றன. படை தோற்கிறது, கடன் ஏறுகிறது, கலகம் கிளம்புகிறது. அதோடு விளையாட்டை மூடிவிட்டுத் திரும்பவும் 1444இல் தொடங்குகிறார்கள்.

இப்படி விழுவதற்குப் படை காரணமல்ல. எவ்வளவு நிலம் உங்களிடம் தங்கும் என்பதை மூன்று கணக்குகள் முடிவு செய்கின்றன: நிர்வாகப் புள்ளி, அயலாரின் கோபம், ட்ரூஸ் (போருக்குப் பின் வரும் போர்நிறுத்தக் காலம்) முடியும் தேதி. இந்த மூன்றையும் பார்த்துப் போர் தொடங்குகிறவருக்கு நடுத்தரப் படையே போதும்.

கீழே வருவது நான்காம் பாகத்துக்கு மட்டும். 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகத்தின் கணக்குகள் வேறு. எண்கள் எல்லாம் அடிப்படை எண்கள்; ஐடியாக்களும் (புள்ளி கொடுத்து வாங்கும் நிரந்தரச் சலுகைகள்) ஆலோசகர்களும் அவற்றை ஏற்றும், இறக்கும். எந்த எண்ணின் மேலும் மவுஸை வைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளையாட்டே பிரித்துக் காட்டும். அந்தப் பெட்டிகளை வாசிக்கும் பழக்கம் வந்தவர்களுக்குப் பாதி விளையாட்டு பிடிபட்ட மாதிரி.

ஓர் ஊரின் உண்மையான விலை

நிர்வாகம், இராஜதந்திரம், இராணுவம் என்று புள்ளி மூன்று வகை. மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகைப் புள்ளியும் 3 சும்மா கிடைக்கும். அரசனின் திறன் 0 முதல் 6 வரை, ஆலோசகரின் தரம் 1 முதல் 5 வரை அதோடு சேரும். அரசனின் நிர்வாகத் திறன் 3, ஆலோசகர் தரம் 1 என்றால் மாதம் 7 புள்ளி, ஆண்டுக்கு 84. இதிலிருந்துதான் தொழில்நுட்பத்துக்கு அடிப்படையாக 600, ஒவ்வோர் ஐடியாவுக்கும் 400 போகவேண்டும்.

இனிப் பிடித்த நிலத்துக்கு வருவோம். அதை முழுக் கோர், அதாவது முழு உரிமையுள்ள சொந்த நிலம், ஆக்க, டெவலப்மென்ட் (சுருக்கமாக டெவ், மாகாணத்தின் வளர்ச்சி அளவு) ஒன்றுக்கு 10 நிர்வாகப் புள்ளி. 15 டெவ் உள்ள மாகாணத்துக்கு 150. கிளெய்ம் (அந்த மாகாணத்தின் மேல் முன்கூட்டியே போடும் உரிமைக் கோரிக்கை) இருந்தால் 10% குறைந்து 135. மாதம் 7 வரும் அரசனுக்கு அது பத்தொன்பது மாதச் சேமிப்பு, அதுவும் ஒரு மாகாணத்துக்கு மட்டும். அப்படியான ஐந்தை ஒரே சமாதானத்தில் எடுத்தால் எட்டு ஆண்டு நிர்வாகத் தொழில்நுட்பத்தைத் தொடமுடியாது. அந்த எட்டு ஆண்டில் அயலான் இராணுவத் தொழில்நுட்பத்தில் முந்தமாட்டான், ஏனென்றால் அதற்கு வேறு புள்ளி. ஆனால் உங்கள் நிர்வாகத் தொழில்நுட்பம் பின்தங்கும், அதோடு அடுத்த ஐடியாத் தொகுதி திறக்கும் நாளும் தள்ளிப்போகும்.

ஸ்டேட் (முழு நேரடி ஆட்சிக்குள் வந்த பகுதி) ஆக்காத பகுதியில் கோர் செலவு குறையும். அங்கே தன்னாட்சி உயரத்திலேயே நிற்பதால் வரியும் ஆட்பலமும் சிறிதளவுதான் வரும். தொலைவான, வருமானம் குறைந்த நிலத்தை அப்படியே விட்டுவிடலாம். தலைநகருக்கு அண்மையில் உள்ளதை ஸ்டேட் ஆக்குங்கள்.

முதல் நாள், நேரத்தை ஓடவிடுவதற்கு முன்

விளையாட்டு இடைநிறுத்தத்தில் நிற்கும்போதே செய்யவேண்டியவை சில உண்டு. மூன்று எதிரிகள் வரை ரைவல் என்று குறிக்கலாம், மூன்றையும் நிரப்புங்கள். ரைவலை அவமதிப்பதும் அவனோடு போர் செய்து வெல்வதும் பவர் புரொஜெக்ஷன் என்ற செல்வாக்கு எண்ணை ஏற்றும். அது 50ஐத் தொட்டால் மூன்று வகைப் புள்ளியிலும் மாதம் ஒன்று கூடுதலாக வரும். மேலே சொன்ன 7 அதனால் 8 ஆகிறது.

ரைவலைத் தெரிவு செய்யும்போது, நீங்கள் நட்பாக்க நினைக்கும் நாடு யாரை வெறுக்கிறது என்றும் பாருங்கள். பொது எதிரி ஒருவன் இருந்தால் அலையன்ஸ் (நட்பு உடன்படிக்கை) கேட்கும்போது பெரிய பிளஸ் கிடைக்கும். அலையன்ஸ் பொத்தான் மங்கியிருந்தால் மவுஸை அதன்மேல் வைத்துக் காரணப் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பூச்சியத்துக்கு மேலே போனாலே ஒத்துக்கொள்வார்கள்.

உறவு வரம்பு அடிப்படையில் 4. நட்பு நாடு, வஸல் (உங்களுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசு), பாதுகாப்பு உறுதி எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கவேண்டும். மேலதிகமாக ஒவ்வொன்றுக்கும் மாதம் 1 இராஜதந்திரப் புள்ளி கரையும். பெரிய நட்பு நாடுகள் இரண்டும் வஸல்கள் இரண்டும் என்பது தொடக்கத்துக்கு நல்ல பங்கு. படையால் உதவமுடியாத தொலைதூரச் சிறு நாட்டோடு அலையன்ஸ் வைப்பது வீண் இடம்.

தூதர்கள் அடிப்படையில் இரண்டு பேர். ஒருவரை அடுத்து அடிக்கப்போகும் நாட்டில் உளவு வலை கட்ட அனுப்புங்கள். மற்றவரை நீங்கள் இப்போதைக்கு அடிக்கப்போகாத பெரிய அயல் நாட்டில் உறவை மேம்படுத்த விடுங்கள். சும்மா இருக்கும் தூதர் என்று ஒருவர் இருக்கவே கூடாது.

உளவு வலை 20ஐத் தொட்டதும் ஒரு மாகாணத்துக்குக் கிளெய்ம் போடலாம், அந்த 20 செலவாகிவிடும். கிளெய்ம் 25 ஆண்டு நிற்கும், பிறகு காலாவதி. எத்தனை கிளெய்ம் வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்: சமாதானத்தில் கிளெய்ம் இல்லாத மாகாணத்தைக் கேட்டால் இராஜதந்திரப் புள்ளி தண்டமாகப் போகும். ஒரு கிளெய்மை வைத்துக்கொண்டு ஐந்து மாகாணம் எடுக்கிறவர்கள் பிறகு வஸலை இணைக்கப் புள்ளியில்லாமல் நிற்பது இதனால்தான்.

யாரோடு சேர்வது

நம்முடைய துறைமுகத்தின் வரலாற்றில் இதற்கு நல்ல பாடம் உண்டு. 1638இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1639இல் திருகோணமலைக் கோட்டை போர்த்துக்கேயர் கையைவிட்டுப் போனது. ஆனால் 1640இல் பிடித்த காலியையும் நீர்கொழும்பையும், போர்ச் செலவு தீரும்வரை என்று சொல்லி ஒல்லாந்தர் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கரையோரம் கண்டிக்குத் திரும்பவில்லை.

விளையாட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. நட்பு நாடு எந்த மாகாணங்களில் கண் வைத்திருக்கிறது என்பதை அதன் இராஜதந்திரப் பக்கத்தில் பாருங்கள். நீங்கள் விரும்பும் அதே நிலத்தை அதுவும் விரும்பினால் அந்த நட்பு நிலைக்காது. வென்ற மறுநாளே அதன் மனநிலை மாறத் தொடங்கும். போரில் யார் தலைவரோ அவர்தான் சமாதான மேசையில் இருப்பார். மற்றவரின் போருக்கு நீங்கள் போனால் நீங்கள் பிடித்த கோட்டையையும் அவர் தனக்கென்று எழுதிவிடலாம், அல்லது சும்மா திருப்பிக் கொடுக்கலாம். ஆகையால் நிலத்துக்கான போரை நீங்களே அறிவியுங்கள். நட்பு நாட்டின் போருக்குப் போவது நம்பிக்கையையும் ஃபேவரையும் (பிறகு உதவி கேட்கச் செலவழிக்கும் நன்றிக்கடன் புள்ளி) சேர்ப்பதற்காக.

நிலம் கொடுப்பதாக வாக்களிக்காமல் நட்பு நாட்டைத் தாக்குதல் போருக்கு அழைக்க 10 ஃபேவர் வேண்டும். நிலம் தருவதாக வாக்களித்தும் அழைக்கலாம். கொடுக்காமல் விட்டால் நம்பிக்கை இடிந்து அடுத்த முறை வரமாட்டார்கள். கடனில் மூழ்கிய நாடு, வேறு போரில் இருக்கும் நாடு, எதிரியோடு ட்ரூஸ் உள்ள நாடு மூன்றும் வரத் தயங்கும், அல்லது வரவே வராது. போர் அறிவிக்கும் திரையில் யார் வருவார், யார் வரமாட்டார் என்று அடையாளம் போட்டுக் காட்டும். எதிரியின் பக்கத்தையும் அதே திரையில் பாருங்கள். எதிரியின் நட்பு நாட்டைக் கோ-பெலிஜரன்ட் (போரில் சம பங்காளி) என்று குறித்தால் அந்த நாட்டின் நட்புகளும் போருக்குள் வரும். நிலம் எடுக்க நினைக்காத நாட்டை அப்படிக் குறிக்கவேண்டாம்.

காரணமில்லாத போருக்கு ஸ்டெபிலிட்டி (நாட்டின் உள் நிலைத்தன்மை) 2 இறங்கும். ட்ரூஸை உடைத்தால் 5. ட்ரூஸ் உடைப்பதை எந்தக் கட்டத்திலும் நியாயப்படுத்தமுடியாது. அந்த ஐந்தைத் திரும்ப ஏற்றச் செலவாகும் நிர்வாகப் புள்ளியில் பல மாகாணங்களைக் கோர் பண்ணலாம்.

சமாதான மேசை

போரில் பிடித்த இடம் உங்களுடையதல்ல, ஒப்பந்தத்தில் எழுதியதே உங்களுடையது. 1782 ஜனவரியில் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் வந்து பறித்தார். செப்டெம்பர் 3இல் பிரித்தானியக் கப்பற்படையோடு கடற்போரும் நடந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஐரோப்பாவில் எழுதிய சமாதானத்தில் துறைமுகம் ஒல்லாந்தருக்கே திரும்பியது. அவர்கள் 1784 ஒப்பந்தத்தில் பிரித்தானியருக்கு இழந்தது அக்கரையில் உள்ள நாகப்பட்டினத்தை. திருகோணமலையின் ஓஸ்ரன்பேர்க் கோட்டை மேட்டில் யாருடைய பீரங்கி நின்றது என்பதை வைத்து எதுவும் முடிவாகவில்லை. பிரித்தானியர் மீண்டும் வந்தது 1795இல்.

அதனால் வார்ஸ்கோர், அதாவது போரில் எவ்வளவு வென்றீர்கள் என்ற எண், 100 ஆனதும் நூறுக்கும் நிலம் கேட்கும் பழக்கத்தை விடுங்கள். சமாதானத் திரையில் ஒவ்வொரு மாகாணத்தையும் தெரிவு செய்யும்போது ஏ.ஈ. என்கிற அக்ரசிவ் எக்ஸ்பான்ஷன், அதாவது நிலம் பிடிப்பதால் வரும் கோபம், எந்த நாட்டிடம் எவ்வளவு ஏறும் என்று காட்டும். 50ஐத் தாண்டிய நாடுகள் கொலிஷன் என்ற உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேரக்கூடும். யார் யார் 50ஐத் தாண்டுகிறார்கள் என்று பார்த்து, பட்டியல் நீளத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மிச்ச வார்ஸ்கோரைக் கோபம் ஏறாத கோரிக்கைகளில் போடலாம்: பணம், போர் இழப்பீடு, எதிரியின் அலையன்ஸை முறிப்பது. இழப்பீடு எதிரியின் வருமானத்தில் 10% வீதம் 10 ஆண்டு வரும். அலையன்ஸ் முறிப்பது எல்லாவற்றிலும் மதிப்புள்ளது, அடுத்த போரில் அவன் தனியாக நிற்பான்.

எந்த மாகாணத்தை எடுப்பது என்றால், முதலில் கோட்டையுள்ள மாகாணம். அது உங்கள் கைக்கு வந்தால் அடுத்த போரில் பல மாத முற்றுகை மிச்சம். அடுத்து வணிக மையம். அதற்குப் பிறகு, இன்னொரு நாட்டோடு எல்லையைத் திறக்கும் மாகாணம். எல்லை தொட்டால் அங்கேயும் கிளெய்ம் போடலாம். டெவ் கூடியது என்பதற்காக மட்டும் நடுநாட்டு மாகாணத்தை எடுக்கவேண்டாம், ஏ.ஈ.யும் கோர் செலவும் அந்த டெவ்வின் மேலேயே ஏறுகின்றன.

கோபத்தைக் கணக்கில் வைத்திருப்பது

ஏ.ஈ. ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாகப் பதியும். பக்கத்து நாடு, பறிகொடுத்த நாட்டின் மதமே உள்ள நாடு, அதே பண்பாட்டுக் குழு நாடு ஆகியவற்றுக்குக் கோபம் கூட. பாமினியில் நிலம் எடுத்தால் முஸ்லிம் அரசுகள் கொதிக்கும், ஒரிசாவில் எடுத்தால் இந்து அரசுகள். இந்த வேறுபாடு விஜயநகரத்துக்குப் பெரிய கொடை. ஒருமுறை வடக்கில் எடுத்தால் அடுத்தமுறை கிழக்கில் எடுங்கள், ஒரே காதில் இரண்டு முறை அறையவேண்டாம்.

அடிப்படையில் ஆண்டுக்கு 2 தான் குறையும். ஒரு நாட்டிடம் 70 ஏறிவிட்டால் 50க்கு இறங்கப் பத்து ஆண்டு வேண்டும். உறவு மேம்பாட்டு வேகத்தைக் கூட்டும் ஆலோசகரை வைத்தால் இந்தத் தணிவும் விரைவாகும். விரிவாக்கத்தில் இறங்கிய நாட்டுக்கு அவரைவிடப் பயனுள்ள இராஜதந்திர ஆலோசகர் இல்லை.

கொலிஷனில் சேர ஒரு நாட்டுக்கு ஏ.ஈ. 50ஐத் தாண்டவும் வேண்டும், உங்கள் மேலான அபிப்பிராயம் மைனஸில் இருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தடுத்தால் போதும். தூதர் ஒருவர் உறவை +100 வரை ஏற்றமுடியும். போர் முடிவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே, கோபப்படப்போகும் நாடுகளில் படை கூடிய ஒன்றுக்குத் தூதரை அனுப்பிவிடுங்கள். சமாதானம் கையெழுத்தான பிறகு அனுப்பினால் அவர் ஏற்றுவதற்குள் அது கொலிஷனில் சேர்ந்துவிடும். பலர் தவறுவது இந்த நேரக் கணக்கில்தான். கையெழுத்துக்கு முன்னர் ஏற்றிய +100, பின்னர் விழும் மைனஸைத் தாங்கும்.

உங்களோடு ட்ரூஸில் இருக்கும் நாடும் கொலிஷனில் சேரமுடியாது. ட்ரூஸ் 5 முதல் 15 ஆண்டு. சமாதானத்தில் எவ்வளவு கூட எடுக்கிறீர்களோ அவ்வளவு நீளும். ஆகவே கோபம் கூடிய நாடு எதிரியின் துணையாகப் போருக்குள் வந்தால் அதுவும் ஒரு நன்மைதான், சமாதானம் முடிந்ததும் சில ஆண்டுக்கு அதன் கை கட்டப்பட்டிருக்கும். ஆனால் ட்ரூஸ் முடியும் தேதியில் ஏ.ஈ. இன்னும் 50க்கு மேலே இருந்தால் மறுநாளே சேரும். ஒவ்வொரு ட்ரூஸும் முடியும் ஆண்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு பெரிய நாடுகளின் ட்ரூஸ் ஒரே ஆண்டில் முடியாதபடி போர்களை இடைவெளிவிட்டு நடத்துங்கள்.

மூன்று முனை இருந்தால் இதற்கு வசதி. கரைவலைப் பாட்டில் முறை வைத்து வளைப்பதுபோல ஒரு முனையில் இழுத்து முடித்ததும் மற்றதற்குப் போகலாம்: பாமினி, நாலைந்து ஆண்டில் ஒரிசா, அதற்குப் பிறகு மலையாளக் கரை. திரும்பி வடக்கே வரும்போது முதல் ட்ரூஸ் முடிந்திருக்கும், கோபமும் ஓரளவு தணிந்திருக்கும்.

எடுத்த நிலத்தைச் செரிக்கவைப்பது

கோர் ஆகாத நிலத்தில் டெவ் ஒன்றுக்கு ஏறக்குறைய 1% ஓவர் எக்ஸ்டென்ஷன் (செரிக்காத நிலத்தின் சுமை) ஏறும். 100% தாண்டினால் மோசமான நிகழ்வுகள் அடுத்தடுத்து வரும், எல்லா மாகாணத்திலும் கலகம் கூடும். சமாதானத் திரையிலேயே அந்த எண் தெரியும், 100க்குக் கீழே நிறுத்துங்கள். கோர் ஆக அடிப்படையில் 36 மாதம் எடுக்கும். கையெழுத்துப் போடும் நாளில் எல்லா மாகாணத்தையும் ஒன்றாகத் தொடங்கும் அளவுக்கு நிர்வாகப் புள்ளி கையில் இருக்கவேண்டும். புள்ளிக்காகக் காத்திருக்கும் மாகாணம் அவ்வளவு காலமும் ஓவர் எக்ஸ்டென்ஷனை ஏற்றிக்கொண்டே நிற்கும். பெரிய போருக்கு முன் 300, 400 சேர்த்து வைத்திருப்பது இதற்காக.

கலகக் கணிப்பு சிவப்பாக இருக்கும் மாகாணத்தில் தன்னாட்சியை உயர்த்தினால் அமைதியின்மை 10 குறையும், தன்னாட்சி 25% கூடும். வருமானம் போகிறதே என்று தயங்கவேண்டாம், கலகக்காரரோடு போரிட்டு இழக்கும் ஆட்பலம் அதைவிடக் கூட.

வஸல்: இன்னொரு பணப்பை

நிர்வாகப் புள்ளி தீர்ந்தாலும் இராஜதந்திரப் புள்ளி கிடக்கும். வஸல் முறை அந்தப் புள்ளியால் நிலம் வாங்கும் வழி. இரண்டு மூன்று மாகாணமுள்ள நாட்டை முழுதாக எடுப்பதற்குப் பதிலாகச் சமாதானத்தில் வஸல் ஆக்கினால் ஏ.ஈ. குறைவு, ஓவர் எக்ஸ்டென்ஷன் இல்லை, கோர் செலவும் இல்லை. போரில்லாமலும் ஆக்கலாம்: முதலில் அலையன்ஸ், உறவு 190, பிறகு வஸல் ஆகும்படி கேட்பது. நாடு சிறிதாக இருந்தால்தான் ஒத்துக்கொள்ளும்.

இதில் மிகவும் இலாபமானது, நிலம் இழந்த நாட்டை வஸல் ஆக்குவது. அதன் பழைய கோர் மாகாணங்கள் வேறொருவர் கையில் இருந்தால் ரீகான்குவெஸ்ட் என்ற காரணத்தோடு போர் தொடங்கி அவற்றை வஸலுக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஏ.ஈ. மிகக் குறைவு, கோர் ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் செலவில்லை. போர் தொடங்குவதற்கு முன் கோர் வரைபடத்தைத் திறந்து, எதிரி நாட்டுக்குள் யாருடைய பழைய கோர் கிடக்கிறது என்று தேடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வஸலாகிப் பத்து ஆண்டு கழிந்து, உறவு 190ஐ எட்டினால் இணைக்கலாம். டெவ் ஒன்றுக்கு 8 இராஜதந்திரப் புள்ளி. 30 டெவ் உள்ள வஸலுக்கு 240. இணைந்த நாளிலேயே அதன் கோர்கள் உங்களுடையவை. இணைக்கும் காலம் முழுக்க ஒரு தூதர் அங்கே கட்டுண்டு இருப்பார் என்பதையும் மற்ற வஸல்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒன்றை இணைத்தபின் மற்றதற்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

லிபர்ட்டி டிசையர் (வஸலின் விடுதலை வேட்கை) 50%ஐத் தொட்டால் அந்த வஸல் கையை மீறியது: போருக்கு உதவாது, இணைக்கவும் முடியாது. வஸல்களின் மொத்தப் பலம் உங்கள் பலத்தை நெருங்கும்போது அது ஏறும். ஒரே வஸலுக்கு நிலத்தைக் குவிப்பதாலும் உங்கள் படையைக் காசு மிச்சம் பிடிக்கக் குறைப்பதாலும்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. இரண்டு சிறு வஸல்களாகப் பிரித்துக் கொடுங்கள், படையை ஃபோர்ஸ் லிமிட்டில் (நாடு தாங்கக்கூடிய படை அளவு) வைத்திருங்கள்.

கொலிஷன் எழுந்துவிட்டால்

உடனே போருக்குப் போகவேண்டாம். கொலிஷனில் உள்ள ஒரு நாட்டைத் தொட்டால் எல்லா உறுப்பினரும் வருவார்கள். அவர்களாகத் தாக்குவது தங்கள் பக்கம் பலம் கூடியது என்று கணித்தால்தான், ஆகவே அந்தக் கணிப்பை மாற்றுவதே உங்கள் வேலை. படையை ஃபோர்ஸ் லிமிட் வரை நிரப்புங்கள். பெரிய நட்பு நாட்டின் உறவை விழவிடவேண்டாம், அதற்காக இன்னொரு நட்பைச் சேர்க்க உறவு வரம்பை ஒன்று தாண்டவேண்டி வந்தாலும் தாண்டுங்கள், மாதம் 1 புள்ளி அந்தச் சமயத்தில் மலிவு. கடனை அடையுங்கள். எல்லைக் கோட்டைகளின் பராமரிப்பை நிறுத்தி வைத்திருந்தால் திரும்பத் தொடங்குங்கள்.

தூதர்கள் இருவரையும் கொலிஷனில் உள்ள மிகப் பெரிய நாடு ஒன்றுக்கும் 50க்குச் சற்று மேலே நிற்கும் நாடு ஒன்றுக்கும் அனுப்புங்கள். பெரியது விலகினால் மொத்தப் பலம் சரியும். விளிம்பில் நிற்பது விரைவில் விலகும். காத்திருக்கும் ஆண்டுகளில் நிலம் எடுக்காத வேலைகள் நிறைய இருக்கின்றன: பத்து ஆண்டு நிறைந்த வஸலை இணைப்பது, பின்தங்கிய தொழில்நுட்பத்தை எட்டிப்பிடிப்பது, கோபம் எட்டாத தூரத்திலும் வேறு மதத்திலும் உள்ள ஒரு நாட்டில் உளவு வலை கட்டத் தொடங்குவது. உறுப்பினர் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, யாருடைய ஏ.ஈ. எவ்வளவு என்று பார்த்துத் தூதர்களை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.